இலையின் சான்று: பேணப்படும் காடுகளின் நலம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

நலம், நோய் என்னும் சொற்களை நாம் அன்றாடம் ஐயமின்றி வழங்குகின்றோம். காய்ச்சல் கண்டவனை நோயாளி என்கின்றோம்; அவன் எழுந்து நடமாடியதும் நலமடைந்தான் என்கின்றோம். ஐயம் தோன்றினால் அவனையே கேட்டறியவும் கூடும். ஆயின் மரத்தைக் குறித்தும் காட்டைக் குறித்தும் இதே சொற்களை வழங்கும்போது ஒரு சிக்கல் எழுகின்றது. மரம் தன் நிலையைத் தானே எடுத்துரைப்பதில்லை. அதன் சார்பிற் சான்று பகர்வது இலை. அச்சான்றுக்குப் பொருள் கொள்பவன் மனிதன். பொருள் கொள்பவன் தனக்கென ஒரு நோக்கமும் உடையவனாயின், அவன் கூறும் ‘நலம்’ யாருடைய நலம் என்ற வினா தவிர்க்கவியலாததாகின்றது.

மலையகத்தைப் பொறுத்தவரை இவ்வினா வெறும் ஏட்டளவினதன்று. நுவரெலியாவிலும் ஹற்றனிலும் தலவாக்கலையிலும் மலைச்சரிவுகளின் நிலையை அறிவதற்கு ஒன்றரை நூற்றாண்டாக இலையே முதற்சான்றாய் இருந்து வந்துள்ளது. இலையைப் பார்த்தே உரமிடுகின்றனர். இலையைப் பார்த்தே மருந்து தெளிக்கின்றனர். இலையின் அளவைக் கொண்டே ஒரு தொழிலாளியின் அன்றைய உழைப்பையும் மதிப்பிடுகின்றனர். இலை தரும் சான்று எவ்வளவு தூரம் செல்லும், அச்சான்றைக் கேட்போரின் கடமை யாது என்னும் இரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேயிலைத் தோட்டத்தைக் காடு எனக் கூறலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். தேயிலை இயல்பில் ஒரு மரம். வெட்டாது விட்டால் முப்பது அடிக்கு மேலும் அது வளரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யப்படும் கவ்வாத்தும், வாரந்தோறும் நிகழும் கொழுந்தெடுப்புமே அதனை இடுப்பளவு உயரத்தில் நிறுத்தி வைத்துள்ளன. ஒரே இனத்தைச் சேர்ந்த மரங்கள் மலைமலையாக நிற்க, அவற்றினிடையே நிழலுக்கெனக் கிரவிலியாவும் முள்முருக்கும், ஓரங்களில் விறகுக்கென யூக்கலிப்டசும் நடப்பட்டுள்ளன. கைவிடப்பட்ட சில தேயிலை நிலங்களிலும் புல்வெளிகளிலும் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியிற் பைனஸ் நடப்பட்டது. இவற்றுக்கெல்லாம் மேலே, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைக் காத்தல் வேண்டும் என 1873 இல் யோசப் ஹூக்கர் அளித்த பரிந்துரையின் பயனாய் எஞ்சிய மலைக்காடுகள் உள்ளன. அவையும் சட்டத்தாலும் எல்லைக் கற்களாலும் பேணப்படுபவையே. ஆகவே, தேயிலை மலை முதல் ஹோர்ட்டன் சமவெளி வரை அனைத்தையும் மனிதன் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட மரத்தொகுதிகள் எனக் கொண்டு நோக்குதல் பொருந்தும்.

முதலில் இலை எதனைச் சொல்லவல்லது எனக் காண்போம். ஒளித்தொகுப்பு நிகழும் இடம் இலையாதலின், மரத்தின் பற்றாக்குறைகள் பெரும்பாலும் அங்கேயே முதலில் வெளிப்படுகின்றன. நைதரசன் குறையும்போது முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகின்றன. ஏனெனில் மரம் தன் பழைய இலையிலுள்ள நைதரசனை எடுத்து இளந்தளிருக்கு அனுப்பிவிடுகின்றது. மகனீசியம் குறைந்தால் முதிர்ந்த இலையின் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளிறுகின்றது. பொற்றாசியம் குறைந்தால் இலையின் விளிம்பு கருகுகின்றது. கந்தகமோ இரும்போ குறைந்தால், அவை எளிதில் இடம்பெயரா ஆதலின், இளந்தளிரே முதலில் மஞ்சளாகின்றது. ஆபிரிக்காவின் நியாசாலாந்தில் தேயிலையைத் தாக்கிய ‘மஞ்சள் நோய்’ ஒரு தொற்றன்று, கந்தகக் குறைபாடே என்பது 1930களில் இவ்வாறு இலையின் வழியே அறியப்பட்டது. 1925 இல் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய இலைப் பகுப்பாய்வை ஒரு முறையான கலையாகவே வளர்த்துள்ளது.

இவ்வறிவின் அருமையை மறுப்பதற்கில்லை. எனினும் அதன் தருக்க அமைப்பை நோக்குதல் வேண்டும். நம் முன்னோர் அளவைகளை வகுத்தபோது காட்சியையும் கருதலையும் வேறுபடுத்தினர். மலையிற் புகையைக் காண்பது காட்சி. அங்கு நெருப்பு உண்டென்று துணிவது கருதல். இலை மஞ்சளாயிருப்பது காட்சி; மரம் நலங்குன்றியுள்ளது என்பது கருதல். புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பு உறுதியானதாகையால் அக்கருதல் வழுவற்றது. மஞ்சளுக்கும் அதன் காரணத்துக்கும் அத்தகைய உறுதியான தொடர்பு இல்லை. நைதரசன் இன்மையால் மஞ்சளாகலாம். நீர் தேங்கி வேர் மூச்சுத்திணறுவதால் மஞ்சளாகலாம். உயர் மலைகளில் வேரை உண்ணும் நுண்புழுக்களாலும் மஞ்சளாகலாம். மண்ணில் உரம் நிரம்பியிருந்தும் வேர் பழுதுபட்டமையால் இலை பசித்திருத்தல் கூடும். அத்தகைய மரத்துக்கு மேலும் உரமிடுவது, உண்ணவியலாத நோயாளியின் முன் மேலும் சோற்றைப் படைப்பது போன்றதே. குறை உண்டு என்பதை இலை சொல்லும். குறையின் வேர் எங்குள்ளது என்பதைப் பல வேளைகளிற் சொல்லாது.

இவ்வுண்மையை இலங்கை பெருவிலை கொடுத்துக் கற்றது. 1869 இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பார்க்லி என்னும் பங்கசு அறிஞர் அந்நோய்க்கிருமிக்குப் பெயரிட்டார். நோயின் பெயர் தெரிந்தும் நோய் நிற்கவில்லை. தோட்டத்துரைமார் சிலர் அதனைப் பருவக்கோளாறு என்றனர்; சிலர் மேலும் உரமிட்டனர். 1880 முதல் 1882 வரை இங்கு தங்கியாராய்ந்த மார்ஷல் வார்ட் அப்பங்கசின் வாழ்க்கைச் சுற்றைத் தெளிவாக்கினார். காற்றைத் தடுக்கும் மரங்களின்றி மலைமலையாக ஒரே பயிரை நட்டமையே அதன் பரவலுக்கு வழி திறந்தது என்பதும் அவரது ஆய்வினாற் புலனாயிற்று. 1870களின் இறுதியில் ஏறத்தாழ 275,000 ஏக்கரிற் பரந்திருந்த கோப்பி, சில ஆண்டுகளில் அழிந்தது.

இவ்வரலாற்றின் அறவியற் பாடம் கூர்ந்து நோக்கத்தக்கது. ஒவ்வோர் இலையும் தன் மீதிருந்த பங்கசைக் காட்டியது. ஆயின் ‘எல்லா மலைகளிலும் ஒரே இலைதான் உள்ளது’ என்பதை எந்த ஓர் இலையும் காட்டாது. அது இலையின் பண்பன்று, மலையின் பண்பு. தனித்தனி மரங்களின் நலங்களைக் கூட்டினால் காட்டின் நலம் கிடைத்துவிடும் என்று கொள்வது தருக்கப் பிழையாகும். நோய் வருமுன் கோப்பிச் செடிகள் ஒவ்வொன்றும் நலமாகவே இருந்தன. அவற்றின் தொகுதியோ நோய்க்கு ஆயத்தமாக இருந்தது. பாடம் கற்கப்பட்டதா எனின், அரைகுறையாகவே கற்கப்பட்டது எனலாம். 1867 இல் லூல்கந்துரையில் யேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, அந்நூற்றாண்டு முடிவதற்குள் 300,000 ஏக்கருக்கு மேற் பரவிற்று. பயிர் மாறியது, ஒற்றைப் பயிர் என்னும் முறை மாறவில்லை. 1946 இல் கொப்புள நோய் தேயிலையின் இளங்கொழுந்தைத் தாக்கியபோது செப்பு மருந்துத் தெளிப்பே துணையாயிற்று. மூடுபனிக் காலங்களில் அத்தெளிப்பு இன்றும் தொடர்கின்றது.

கோப்பியின் வரலாற்றில் காரணம் அறியப்பட்டும் பயன் கிட்டவில்லை. இதற்கு நேர்மாறான நிலையை ஹோர்ட்டன் சமவெளியிற் காண்கின்றோம். 1969 இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்ட அவ்வுயர்நிலக் காட்டில், 1970களின் பிற்பகுதியிலிருந்து மரங்கள் நுனியிலிருந்து இலையுதிர்த்துப் பட்டுப்போவதை ஆய்வாளர் கவனித்து வந்துள்ளனர். கீன மரமும் நாவலின் உறவினங்களும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டன. வறட்சி, மண்ணின் அமிலத்தன்மை, உறைபனி, வேர் நோய், வளி மாசு எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டன. எந்த ஒன்றும் தனித்து முழு விளக்கமாக ஏற்கப்படவில்லை. உழவும் உரமும் இல்லாத, வெட்டுவார் எவருமற்ற காடு அது. வேலியிட்டுக் காத்தமையால் நலம் உறுதியாகிவிட்டது என்று எண்ணியிருந்தோர்க்கு இலையற்ற கிளைகள் வேறொன்றைக் கூறின. சான்று வெளிப்படையாக உள்ளது. காரணமோ மறைவாக உள்ளது. இந்நிலையில் மனிதன் யாது செய்தல் வேண்டும்? காரணம் துணியும் வரை வாளாவிருத்தல் முறையா? அன்றி, துணியாத காரணத்தின் மேற் செயற்படுதல் முறையா?

இவ்வினாவுக்கு ஐரோப்பாவின் அனுபவம் ஓரளவு ஒளி தருகின்றது. 1980களின் தொடக்கத்தில் மேற்கு ஜேர்மனியின் காடுகள் சாகின்றன என்ற பேரச்சம் எழுந்தது. அதன் விளைவாக மரமுடியின் இலையிழப்பை அளவிட்டுக் காட்டின் நலத்தைக் கணிக்கும் முறை வகுக்கப்பட்டது. இலையிழப்பு 10 வீதத்துக்குட்பட்டால் நலம். 10 முதல் 25 வரை எச்சரிக்கை. 25 முதல் 60 வரை நடுத்தரப் பாதிப்பு. அதற்கு மேற் கடும் பாதிப்பு. எல்லை கடந்த வளி மாசு பற்றிய 1979 ஆம் ஆண்டின் ஜெனிவா உடன்படிக்கையின் கீழ் 1985 இல் இக்கணிப்பு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவாக்கப்பட்டது. இலைகளின் வேதியியற் பகுப்பாய்வும் அதனுடன் சேர்க்கப்பட்டது. அஞ்சியவாறு காடுகள் ஒட்டுமொத்தமாக அழிந்துவிடவில்லை. இலையிழப்பு வறட்சியாலும் பூச்சியாலும் பெருங்காய்ப்பாலும் கூட நிகழும் என்பதும், அது மாசுக்கென்றே உரிய தனி அடையாளமன்று என்பதும் பின்னர்த் தெளிவாயின. ஆயின் அவ்வச்சத்தின் உந்துதலால் ஆலைகளின் கந்தகப் புகை பெரிதும் குறைக்கப்பட்டது.

அவ்வாறாயின் அவர்கள் செய்தது சரியா, தவறா? அறிவு நோக்கிற் கருதல் வரம்பு மீறியது. செயல் நோக்கிலோ, கந்தகப் புகையைக் குறைத்தல் காடு செத்தாலும் சாகாவிட்டாலும் நன்மையே. இதிலிருந்து ஒரு நெறியைப் பெறலாம். காரணம் ஐயத்துக்குரியதாய் இருக்கும்போது, நம் கருதல் பிழையாயினும் தீங்கு விளைக்காத செயலைத் தேர்தல் வேண்டும். தவறெனக் கண்டபின் திருத்தவியலாத செயலையோ தவிர்த்தல் வேண்டும். இந்நெறியை மறந்தமைக்கு அண்மைக்காலச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. 2021 மே மாதத்தில் இரசாயன உரங்களினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. மண்ணின் நலம், மனிதரின் நலம் என்பனவே அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். அவை போற்றத்தக்கனவே. ஆயின் பல பத்தாண்டுகளாக வெளியிலிருந்து வந்த நைதரசனைக் கொண்டே கொழுந்து ஈந்த மரத்துக்கு, மாற்றுணவு ஆயத்தமாகுமுன் பழைய உணவு நிறுத்தப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே தடை தளர்த்தப்பட்டதாயினும், 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோகிராமாயிருந்த தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 25 கோடியாய் வீழ்ந்தது. உரத்தால் நிறுத்தப்பட்ட பச்சை நிறத்தை மண்ணின் வளமெனக் கொள்வது ஒரு மயக்கம். அப்பச்சையைத் தாங்கி நின்றவற்றை எண்ணாது ஒரே நாளில் நற்செயல் புரிந்துவிடலாம் என்பது மற்றொரு மயக்கம்.

இனி, இரண்டாவது வினாவுக்கு வருவோம். இலை எதனைச் சொல்கின்றது என்பது போலவே, எந்த அளவுகோலைக் கொண்டு நாம் கேட்கின்றோம் என்பதும் முக்கியமானது. பிரெஞ்சு மெய்யியலாளரான கங்கிலெம் 1943 இல் எழுதிய நூலில், இயல்பு, பிறழ்வு என்பவை வெறும் எண்ணளவைகள் அல்ல, அவற்றினுள் மதிப்பீடு அடங்கியுள்ளது என்று வாதிட்டார். தேயிலைச் செடி இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். ஒரு மலையிலே தேயிலை மிகுதியாகப் பூத்துவிட்டால் தோட்ட நிர்வாகம் அதனை நற்குறியாகக் கொள்வதில்லை. செடி இளைத்துள்ளது, கொழுந்து குறையும் என்றே கணிக்கும். ஆயின் பூத்தலும் காய்த்தலும் விதையூன்றலுமே எந்த மரத்துக்கும் உரிய வாழ்க்கைச் சுற்று. மரம் தன் இனத்தைத் தொடரச் செய்யும் முயற்சி, மரத்தை ஆள்பவனின் ஏட்டில் நோய்க்குறியாகப் பதிவாகின்றது. இரு கூற்றுகளும் உண்மையே. அவை இரு வேறு நலங்களைப் பற்றியன.

மலைக்காட்டு இலையும் இவ்வாறே. ஹோர்ட்டன் சமவெளியின் மரங்களுட் பல இளந்தளிரைச் சிவப்பாக விடுகின்றன. பச்சையே நலம் என்னும் விதியோடு செல்பவன் அத்தளிரைக் கண்டு நோயென்று கூறுவான். அங்குள்ள இலைகள் சிறியன, தடித்தன, மெல்ல வளர்வன. தாழ்நிலக் காட்டின் அகன்ற இலையை அளவுகோலாகக் கொண்டால் அவை வளர்ச்சி குன்றியவை. ஆயின் குளிரையும் காற்றையும் தாங்கி, மூடுபனியின் நீரை வடித்து நிலத்துக்குச் சொட்டச் செய்யும் பணிக்கு அவ்விலையே ஏற்றது. அந்நீரே சிற்றாறுகளாகிக் கீழ்நாடுகளுக்கு இறங்குகின்றது. அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று கேளாமல் அளப்பவன், தன் ஊரின் வழக்கத்தையே இயற்கையின் சட்டமாக்கிவிடுகின்றான்.

இன்று இந்த அளவுகோல் வானத்துக்கு ஏறியுள்ளது. பச்சையம் செந்நிற ஒளியை உறிஞ்சுவதையும், இலையின் திசுக்கள் கண்ணுக்குப் புலனாகா அகச்சிவப்பை எதிரொளிப்பதையும் கொண்டு, செய்மதிகள் நிலத்தின் பசுமையை எண்ணாகக் கணிக்கின்றன. 1972 இல் முதலாவது லாண்ட்சாற் செய்மதி ஏவப்பட்ட பின் வளர்ந்த இம்முறை பெரும் பயனுடையது. ஒரு நாடு முழுவதன் காட்டழிவையும் ஒரே நோக்கிற் காட்டவல்லது. எனினும் செழித்த தேயிலை மலையும் பைனஸ் காடும் அப்பசுமைக் கணக்கில் நல்ல மதிப்பெண் பெறுதல் கூடும். நூறு வகை மரங்கள் நிற்கும் சோலையும் ஒரே வகை மரம் நிற்கும் சரிவும் அவ்வெண்ணில் அருகருகே நிற்கலாம். எண் பொய் கூறவில்லை. அது பசுமையை அளந்தது. நாம் அதனை நலமென மொழிபெயர்த்தோம். மொழிபெயர்ப்பின் பொறுப்பு நம்முடையது.

இவ்விடத்தில் மனிதரைப் பற்றிப் பேசாது செல்லுதல் அறமாகாது. தேயிலை இலையை நாள்தோறும் அருகிருந்து காண்பவர் கொழுந்தெடுக்கும் பெண்கள். எந்த மலையில் கொழுந்து தடிக்கின்றது, எந்த நிரையில் இலை வெளிறுகின்றது, எந்த மழைக்குப் பின் கொப்புளம் விழுகின்றது என்பதை ஆய்வுகூடத்துக்கு முன்னரே விரல்களால் அறிபவர் அவர்கள். ஆயின் அவர்களது அறிவு அறிக்கையாவதில்லை. அவர்களது கூடையின் நிறை மட்டுமே ஏட்டில் ஏறுகின்றது. நியமித்த கிலோ வராவிடின் அரைப்பேர் என்னும் வழக்கு, மரத்தின் நோயைத் தொழிலாளியின் குறையாக மாற்றிவிடுகின்றது. மண் களைத்தமையாற் கொழுந்து குறைந்தாலும், உரம் வராமையாற் குறைந்தாலும், அதன் விலையை முதலிற் செலுத்துபவர் தராசின் முன் நிற்பவரே. இலையின் சான்று தவறான இடத்தில் ஒருவருக்கு எதிரான சாட்சியமாக நிறுத்தப்படுகின்றது.

ஓர் ஒப்பீட்டையும் சிந்தித்தல் தகும். தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் எப்போது கவ்வாத்து, எவ்வளவு உரம் என்பதற்குப் பதிவேடு உண்டு. அதே தோட்டத்தின் லயங்களில் வளரும் குழந்தைகளின் நிலை யாது? 2016 ஆம் ஆண்டின் குடிசன சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 வீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதம். இலை வெளிறினால் அது குறைபாடு என்று உடன் உணரும் ஒரு முறைமை, குழந்தை குள்ளமாயிருப்பதை நெடுங்காலம் அப்பகுதி மக்களின் இயல்பு என்று கடந்து சென்றது. எதனை நோயெனக் காண்பது, எதனை இயல்பெனக் கடப்பது என்பதில் ஒரு சமுதாயத்தின் அறம் வெளிப்படுகின்றது. மரத்தின் மஞ்சளைக் காணக் கற்ற கண்ணுக்கு மனிதனின் மஞ்சளும் புலப்படுதல் வேண்டும். புலப்படாவிடின் பிழை கண்ணில் அன்று, கண்ணைச் செலுத்தும் நோக்கத்தில் உள்ளது.

இலை சொல்லாத மற்றொன்றும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை, மீரியபெத்தையில் மலைச்சரிவு இறங்கி லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. சரிவின் உறுதி மண்ணின் ஆழத்திலும் நீரோட்டத்திலும் வேர்ப்பிடிப்பிலும் அடங்கியது. மேலே நிற்கும் இலை பசுமையாயிருக்கையிலும் கீழே மண் நெகிழ்ந்துகொண்டிருத்தல் கூடும். விளைச்சலுக்காக இலையை மட்டும் பார்க்கப் பழகிய கண்ணுக்கு, அம்மலையின் மீது வீடுகட்டி வாழும் மக்களின் பாதுகாப்பு ஒரு வினாவாகவே தோன்றாது போகலாம்.

இவ்வளவும் கூறியபின் இரு மறுப்புகளை நேர்மையுடன் எதிர்கொள்ளல் வேண்டும். முதலாவது, நடைமுறை அறிந்தோர் கூறும் மறுப்பு. ‘தேயிலை மலை கொழுந்துக்காகவே நடப்பட்டது, யூக்கலிப்டஸ் விறகுக்காகவே நடப்பட்டது. அந்நோக்கத்தைக் கொண்டு அதன் நலத்தை அளப்பதில் என்ன தவறு? நோக்கமற்ற அளவுகோல் உண்டோ?’ என அவர்கள் வினவலாம். இதில் உண்மை உண்டு. கொழுந்தை நம்பியே பல இலட்சம் மக்கள் உண்கின்றனர். பசித்தவனிடம் மரத்தின் பூவைப் பற்றிப் பேசுதல் ஆகாது. நோக்கத்தோடு அளப்பது பிழையன்று. விளைச்சல் நன்று என்று கூறவேண்டிய இடத்தில் மலை நலமாயுள்ளது என்று கூறுவதே பிழை. முன்னையது எதனைப் பெற்றோம் என்று கூறும் கணக்கு. பின்னையது வருங்காலத்துக்கு அளிக்கும் உறுதிமொழி. கணக்கைக் காட்டி உறுதிமொழி வழங்குதல் ஒருவகைப் பொய்யாகும்.

இரண்டாவது மறுப்பு மெய்யியலாரிடமிருந்து வருவது. ‘மரத்துக்கு உயிருண்டு, ஆகவே அதற்கு நலமும் நோயும் உண்டு. காடு ஓர் உயிரன்று. பல உயிர்களின் கூட்டம். அதற்கெனத் தனி நலம் உண்டென்பது உருவகத்தை உண்மையாகக் கொள்வதாகாதா?’ இம்மறுப்பு வலிமையானது. காட்டை ஓர் உடம்பாக உருவகித்தால் ஒரு மரத்தின் சாவையும் அதன் நோயாகக் கொள்ள நேரும். மரம் சாகாத காட்டிலோ இளமரத்துக்கு ஒளியில்லை. ஆயினும் காட்டின் நலம் என்னும் சொல்லை முற்றாகக் கைவிடவும் வேண்டியதில்லை. அமெரிக்கரான அல்டோ லியோப்போல்ட் நிலத்தின் நலத்தை, தன்னைத் தானே புதுப்பிக்கும் ஆற்றல் என விளக்கினார். இவ்விளக்கத்துக்குக் காடு ஓர் உயிராயிருத்தல் அவசியமன்று; மூத்த மரம் விழுந்தால் அவ்விடத்தை நிரப்ப இளங்கன்று கீழே நிற்கின்றதா, உதிர்ந்த இலை மண்ணாகின்றதா, மழைநீர் நின்று இறங்குகின்றதா என்று சோதித்தறிதல் கூடும். மரமுடியை அண்ணாந்து நோக்கும் கண் தரையையும் குனிந்து நோக்குதல் வேண்டும் என்பதே இதன் பொருள்.

இவ்வளவுகோலுக்கு நம் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஒரு நற்சான்று உண்டு. தென்மேற்குத் தாழ்நிலத்திலே சிங்கராஜ வனத்தின் எல்லையோரமாகப் பைனஸ் நடப்பட்டிருந்தது. பேராதனையின் நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக ஆகியோரும் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் அஷ்டனும் அப்பைனஸ் நிரைகளிற் சிலவற்றை நீக்கி ஒளிக்கு வழிவிட்டு, அவ்விடங்களில் அவ்வனத்துக்குரிய மரங்களை நட்டு ஆராய்ந்தனர். அந்நிய மரத்தின் நிழலையே தாய்மடியாகக் கொண்டு உள்நாட்டு மரங்கள் எழுந்தன. அங்கு பைனசின் இலை பசுமையாயுள்ளதா என்பது முதன்மையான வினாவாக இருக்கவில்லை. அதன் அடியில் எது வளரக்கூடும் என்பதே வினாவாயிற்று. வினா மாறியதும் நடப்பட்ட காட்டின் பொருளும் மாறியது. மலையகத்தின் கைவிடப்பட்ட தேயிலைச் சரிவுகளின் தட்பவெப்பமும் மண்ணும் வேறாயினும், அதே வினாவை அங்கும் எழுப்புதல் கூடும்.

தொகுத்து நோக்குமிடத்து, இலையைக் கொண்டு காட்டின் நலத்தை மதிப்பிடுவோர் தம்மைத் தாமே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவர் எனலாம். இலையிற் கண்டது எது, அதிலிருந்து கருதியது எது என்பது முதலாவது. எந்த நோக்கத்துக்குரிய அளவுகோலால் அளந்தோம், அதனை அதன் சொந்தப் பெயரால் அழைத்தோமா என்பது இரண்டாவது. நம் கருதல் பிழைத்தால் அதன் விலையைச் செலுத்துபவர் யார், அவர் நம் கணிப்பிற் பங்குகொண்டாரா என்பது மூன்றாவது. முதலாவது அறிவின் ஒழுக்கம். இரண்டாவது சொல்லின் ஒழுக்கம். மூன்றாவது நீதியின் பாற்பட்டது. முதலிரண்டையும் நம் ஆய்வுகூடங்களும் வகுப்பறைகளும் ஓரளவு கற்பிக்கின்றன. மூன்றாவதைக் கற்க மலையேறிச் சென்று, இலையை நாள்தோறும் தொட்டறியும் கைகளுக்குரியவர் கூறுவதைக் கேட்டல் வேண்டும். அவர்களது சொல்லும் பதிவேட்டில் ஏறும் நாளில், மலையின் நலம் பற்றி நாம் கூறும் கூற்றுக்கு இன்றுள்ளதினும் மிகுந்த உண்மை உண்டாகும்.